விடுபட்ட 19 பெயர்கள்

2023 ஆடி மாதம். காலை பத்து மணி இருக்கும். வாசலில் ஒருவர் வந்து நின்றார். முதலில் அடையாளம் தெரியவில்லை. "சார், நான் மோல்டிங் ஷாப், பொன்னேரி ரூட் பஸ்" என்றதும் முகம் நினைவுக்கு வந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்த்த ஃபவுண்டரியில் 14 வருஷம் இருந்தவர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

"நான் அங்க ஆறு வருஷம் வேலையே செய்யலைன்னு சொல்றாங்க சார்."

விஷயம் இதுதான். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்தது. மாத ஓய்வூதியம் வேண்டுமானால் பத்தாண்டு சேவை காட்ட வேண்டும். 58 வயதில் பணம் வரத் தொடங்கும். இவர் 1996 ஜூனில் சேர்ந்தவர், 2010 செப்டம்பரில் நின்றவர். ஆனால் 2002-க்கு முந்தைய கணக்கு வேறொரு பழைய எண்ணில் இருந்தது. அதை இதோடு சேர்க்க வேண்டுமானால் அந்த வருஷங்களின் 3ஏ படிவ நகல் வேண்டும் என்று பி.எஃப். ஆபீஸில் கேட்டிருக்கிறார்கள். கேட்டது நியாயம்தான். கம்பெனி இதற்குள் கை மாறிவிட்டது. புதிய நிர்வாகத்தினர் பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, இந்தப் பெயர் இதில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மீதி எட்டு வருஷம் சொச்சத்தை வைத்துக்கொண்டு மாத ஓய்வூதியம் கிடைக்காது.

அந்தப் பதிவேட்டை 2011-ல் கம்ப்யூட்டரில் தொகுத்து அச்சடித்துக் கொடுத்தது நான். பெயர் விடுபட்டதற்குக் காரணம் வேறு யாருமில்லை. அந்தக் காரணத்தைத் தேடிப் போனபோதுதான், ஃபைல்களையும் ஃபோல்டர்களையும் கையாளும் நிரல் நூலகம் ஒன்றின் முப்பது வருஷக் கதை எனக்குப் புரிந்தது. நூலகம் என்றால் புத்தகம் இருக்கும் இடமில்லை. நிரல் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்து எழுதாமல் எடுத்துப் பயன்படுத்தும்படி முன்கூட்டியே எழுதி வைத்த தொகுப்பு. லைப்ரரி என்பார்கள். கொத்தனாரின் கருவிப்பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஃபைலின் விலாசம் பற்றிச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலுக்கு விலாசம் உண்டு. மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே எண் என்று நிலத்துக்கு எழுதுவது போல, டிஸ்க், ஃபோல்டர், உள் ஃபோல்டர், ஃபைல் பெயர் என்று நடுவில் ஒரு சாய்கோடு போட்டு எழுதுவார்கள். இதற்கு 'பாத்' என்று பெயர், அதாவது வழி. திருவள்ளூரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். கும்மிடிப்பூண்டி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் ரயிலில் போக வேண்டுமென்றால் பேசின் பிரிட்ஜ் வரை போய், அங்கே இறங்கி, வடக்கு லைனில் வேறு வண்டி பிடிக்க வேண்டும். கம்ப்யூட்டரிலும் ஒரு ஃபோல்டரிலிருந்து பக்கத்து ஃபோல்டருக்குப் போக, மேலே ஏறி இரண்டுக்கும் பொதுவான இடத்துக்கு வந்து அப்புறம் கீழே இறங்க வேண்டும். மேலே ஏறுவதற்கு இரண்டு புள்ளி வைப்பார்கள். எனக்கு அந்த இரண்டு புள்ளியைப் பார்த்தால் இன்றும் பேசின் பிரிட்ஜ்தான் ஞாபகம் வரும்.

எங்கள் டைம் ஆபீஸுக்கு முதல் கம்ப்யூட்டர் 1989-ல் வந்தது. டாஸ் காலம். மைக்ரோசாஃப்ட்டின் டாஸ் 1981-ல் வந்தபோது அதில் ஃபோல்டரே கிடையாது, எல்லா ஃபைலும் ஒரே கூடத்தில் கிடக்கும். 1983-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வந்தது. யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் அது முன்பே உண்டு, வலப்பக்கம் சாய்ந்த கோடு போடுவார்கள். டாஸில் அந்தக் கோட்டுக்கு ஏற்கெனவே வேறு வேலை கொடுத்துவிட்டதால், விலாசத்துக்கு இடப்பக்கம் சாய்ந்த கோட்டை எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்குச் செய்த அந்தச் சின்ன ஏற்பாட்டால் உலகம் முழுக்க நிரல் எழுதுகிறவர்கள் நாற்பது வருஷமாக இரண்டு வகைக் கோட்டோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளிக்குப் பிறகு மூன்று எழுத்து. அவ்வளவுதான் இடம். ஆங்கிலத்தில் கும்மிடிப்பூண்டிக்கு 13 எழுத்து. எட்டோடு நறுக்கினால் 'கும்மிடிப்' மட்டும் மிஞ்சும், 'ஊண்டி' வெளியே நிற்கும். தமிழில் எண்ணிப் பாருங்கள்: கு, ம், மி, டி, ப், பூ, ண், டி. சரியாக எட்டு! ஆனால் தமிழில் பெயர் வைக்க அப்போது வழியில்லை. திருவள்ளூரும் பாதியில் அறுந்துதான் கிடந்தது. பொன்னேரி மட்டும் ஆங்கிலத்தில் ஏழே எழுத்து என்பதால் முழுசாகத் தப்பியது.

1997-ல் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் செங்கை அண்ணா ஆனது, பிறகு செங்கை எம்.ஜி.ஆர். ஆனது. 1997-ல் அது இரண்டாகப் பிரிந்து, நாம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு வந்தோம். ஆபீஸில் ரப்பர் ஸ்டாம்ப், லெட்டர்ஹெட் எல்லாம் மாற்றினோம். உற்சாகத்தில் நான் கம்ப்யூட்டரில் 'செங்கை' என்றிருந்த ஃபோல்டரையும் 'திருவள்' என்று மாற்றிவிட்டேன். சம்பளம் போடும் நாள் வந்தது. சம்பள நிரல் ஃபைல் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. நிரலுக்குள் பழைய விலாசத்தை அப்படியே எழுத்துக் கோவையாக எழுதி வைத்திருந்ததும் நான்தான். வெளியே ஷிஃப்ட் முடிந்து வரிசையில் நிற்கிறார்கள். ஒரு காணி நிலம்கூட இருந்த இடத்தை விட்டு நகரவில்லை, மாவட்டத்தின் பெயர்தான் மாறியது. ஆனால் என் நிரலுக்கு ஃபவுண்டரியே காணாமல் போய்விட்டது. ஒரு மணி நேரம் கழித்துப் பணம் கொடுத்தோம். அன்று வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

இந்தச் சங்கடத்துக்காகத்தான் நூலகங்கள் வந்தன. விலாசத்தை வெறும் எழுத்துக் கோவையாக வைத்துக்கொண்டு வெட்டி ஒட்டாமல், கடைசிப் பெயரைப் பிரித்துக் கொடு, மேல் ஃபோல்டரைச் சொல், இரண்டைச் சேர்த்துக் கொடு என்று கேட்டு வாங்குவதற்கு. நான் பிறகு கற்றுக்கொண்ட பைத்தான் மொழி 1991-ல் வெளியானது. நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் உருவாக்கியது. அதில் 'ஓஎஸ்.பாத்' என்ற கருவிப்பெட்டி இந்த வேலைகளைச் செய்யும். விண்டோஸில் ஓடினால் இடக்கோடு போடும், யூனிக்ஸில் ஓடினால் வலக்கோடு போடும். 2008-ல், 53 வயதில், சொந்தக்காரப் பையன் ஒருவன் கொடுத்த புத்தகத்தை வைத்து நான் அதைக் கற்றேன். இரண்டாம் பதிப்பு வரிசை அது.

இனித் தமிழ் வருகிறது. 1995-ல் விண்டோஸ் 95 வந்தபோது ஃபைல் பெயருக்கு 255 எழுத்து வரை இடம் கிடைத்தது. எண்பதுகளிலிருந்து ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீடு வைத்திருந்தது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ்99 விசைப்பலகையும் டாப், டாம் குறியீடுகளும் வந்தன. இன்னொரு பக்கம் உலகின் எல்லா மொழிக்கும் ஒரே அட்டவணை என்ற யூனிகோட் 1991-லிருந்தே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கி வைத்திருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி எங்கள் ஆபீஸுக்கு வந்த பிறகுதான் யூனிகோட் தமிழில் ஃபைலுக்குப் பெயர் வைக்கலாம் என்பது எங்களுக்குத் தெரிந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் டைம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர். 2005-ல் பழைய 3ஏ அட்டைகளை எக்செல்லில் ஏற்றும் வேலை அவருக்கு. பொன்னேரி ரூட் ஆட்களுக்கு முழுக்கவும், மற்ற ரூட்களில் சிலருக்கும், ஃபைல் பெயரைத் தமிழிலேயே அடித்தார். ஏன் என்று கேட்டேன். "சார், இங்கிலீஷ்ல ஏழுமலைக்கு எத்தனை ஸ்பெல்லிங் இருக்கு தெரியுமா? ஒருத்தரே மூணு ஃபார்ம்ல மூணு விதமா எழுதியிருக்கார். தமிழ்ல ஒண்ணுதான்" என்றார். எங்கள் பக்கத்தில் எத்தனை ஏழுமலை என்று உங்களுக்குத் தெரியும். அவர் செய்தது முற்றிலும் சரி. தவறு அடுத்து வந்தவனுடையது.

2011-ல் நிர்வாகம் மாறும் பேச்சு எழுந்தது. எல்லா ஃபோல்டரையும் சுற்றி வந்து, ஒவ்வொரு எக்செல் ஃபைலையும் திறந்து, ஒரே பதிவேடாகத் தொகுக்கும் நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதினேன். நாற்பது வரி இருக்கும். பெருமையாக இருந்தது. ஓடவிட்டால் நடுவில் ஏதோ ஒரு ஃபைலில் நின்று நின்று போனது. எனவே ஒரு வரி சேர்த்தேன்: திறக்க முடியாவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. அப்புறம் தடையில்லாமல் ஓடியது. அச்சடித்தேன், பைண்ட் செய்தேன், கையெழுத்துப் போட்டேன்.

நின்ற ஃபைல்கள் எல்லாம் தமிழ்ப் பெயர் கொண்டவை.

விளக்கம் இது. பழைய பைத்தானில் ஃபோல்டரின் பட்டியலைக் கேட்க இரண்டு வழி. சாதாரண மேற்கோள் குறிக்குள் விலாசம் கொடுத்தால், பழைய ஒரு பைட் எழுத்து அட்டவணையில் பதில் வரும். யூனிகோட் விலாசம் என்று மேற்கோளுக்கு முன்னால் 'யு' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் போட்டுக் கேட்டால், யூனிகோடில் பதில் வரும். இரண்டாவது வழியை 2003-ல் வந்த 2.3 பதிப்பில் சேர்த்தார்கள், நீல் ஹாட்ஜ்சன் என்பவர் எழுதிய முன்மொழிவின்படி. பிரெஞ்சுக்காரருக்கும் ரஷ்யருக்கும் அவரவர் ஊர் விண்டோஸில் ஒரு பழைய அட்டவணை இருந்தது. தமிழுக்கு அப்படி ஒன்றை விண்டோஸ் எப்போதும் வைத்ததில்லை, யூனிகோட் மட்டும்தான். எனவே 'யு' போடாமல் கேட்டால், அட்டவணையில் இல்லாத ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கேள்விக்குறி வரும். ஏழுமலை ஆறு கேள்விக்குறியாக வருவார். (கண்ணுக்கு நான்கு எழுத்து என்றாலும் உயிர்மெய்யைக் கம்ப்யூட்டர் மெய்யாகவும் உயிர்க்குறியாகவும் பிரித்து எண்ணும். அதனால் ஆறு.) விண்டோஸில் ஃபைல் பெயரில் கேள்விக்குறி வரவே கூடாது. ஆகவே அந்தப் பெயரில் திறக்கப் போனால் கதவு திறக்காது. ஃபோல்டரின் பெயரே தமிழானால் உள்ளே நுழையவும் வழியில்லை.

அந்த 'யு' எழுத்தை நான் போடவில்லை. புத்தகத்தில் ஒரு மூலையில் இருந்ததாம், பிறகு தேடிப் பார்த்தேன். அதைவிடப் பெரிய தவறு, விட்டுவிட்டுப் போ என்று எழுதியவன், எத்தனை விட்டேன் என்று எண்ணச் சொல்லவில்லை.

இதே தவறை என்னைவிட ஆயிரம் மடங்கு கெட்டிக்காரர்களும் செய்திருக்கிறார்கள் என்பதைப் பிறகு படித்தபோது ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. 2008 டிசம்பர் 3-ஆம் தேதி பைத்தான் 3.0 வந்தது. அதில் எழுத்து என்றாலே யூனிகோட் என்று முடிவு செய்துவிட்டார்கள். 'யு' போடும் தொல்லை ஒழிந்தது. விண்டோஸில் தமிழ்ப் பெயர் தமிழாகவே வரும். ஆனால் லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகைக் கம்ப்யூட்டர்களில் ஒரு சிக்கல். அங்கே ஃபைல் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. அது எந்தக் குறியீடு என்று எங்கும் எழுதியிருக்காது. பழைய எழுத்துருவில் பெயர் வைத்த ஃபைல் அங்கே போய்ச் சேர்ந்தால், யூனிகோடாகப் படித்துப் பார்க்கும்போது பொருந்தாது. அப்படிப் படிக்க முடியாத பெயர் வந்தால் என்ன செய்வது? 3.0-வில் எடுத்த முடிவு: பட்டியலில் சேர்க்காதே. பிழைச் செய்தி கிடையாது. ஃபைல் டிஸ்கில் இருக்கும், பட்டியலில் இருக்காது.

அது நெடுநாள் நீடிக்கவில்லை. 2009 ஜூனில் வந்த 3.1 பதிப்பிலேயே திருத்தினார்கள். மார்ட்டின் வான் லோவிஸ் என்ற ஜெர்மானியரின் யோசனை. படிக்க முடியாத ஒவ்வொரு பைட்டுக்கும், வேறு எந்த எழுத்துக்கும் தனியே பயன்படாத ஒரு யூனிகோட் எண்ணைப் பதிலியாக வைத்துவிடு. பெயர் பார்க்க விகாரமாக இருக்கும், இருக்கட்டும். திரும்ப அந்த ஃபைலைத் திறக்கும்போது பதிலியை எடுத்துவிட்டு அதே பழைய பைட்டைக் கொடு, கதவு திறக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த 1984-ல் எங்கள் ஃபெட்லிங் பிரிவில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பலர். சம்பளப் பதிவேட்டில் மைப்பெட்டியில் தோய்த்துக் கைநாட்டு வைப்பார்கள். அதை யாராலும் படிக்க முடியாது. ஆனால் இன்னாருடைய கட்டைவிரல் என்பது மாறாது, சம்பளமும் போய்ச் சேரும். கையெழுத்துப் போடத் தெரியாது என்பதற்காக யாருடைய பெயரையும் நாங்கள் பதிவேட்டிலிருந்து எடுத்ததில்லை. 3.1-ல் செய்தது எனக்கு அந்தக் கைநாட்டாகத்தான் தெரிகிறது. இந்த நூலகத்தின் வரலாற்றில் எத்தனையோ திருத்தங்கள் உண்டு. அதிகம் பேசப்படாத இதைத்தான் நான் முதலில் வைப்பேன். 3.5-ல் ஃபோல்டர் சுற்றும் வேலை பல மடங்கு வேகமானது, எல்லோரும் பாராட்டினார்கள். நல்லதுதான். ஆனால் வேகமாகச் சுற்றி வந்து ஓர் ஆளை விட்டுவிட்டால் என்ன பயன்?

நான் 3.1 வந்து இரண்டு வருஷம் கழித்தும் 2.6-லேயே உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழகிய கருவியை விட மனமில்லை.

அடுத்து 'பாத்லிப்'. விலாசத்தை எழுத்துக் கோவையாக இல்லாமல் ஒரு பொருளாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை பலருக்கு நெடுநாளாக இருந்தது. 2006-ல் ஒரு முன்மொழிவு வந்து நிராகரிக்கப்பட்டது. பிறகு 2012-ல் ஆந்த்வான் பித்ரு வேறு விதமாக எழுதிக் கொண்டுவந்தார். 2014 மார்ச்சில் 3.4 பதிப்போடு அது சேர்ந்தது, தற்காலிகம் என்ற முத்திரையோடு. நம் ஊர் தற்காலிகப் பணியாளர்களைப் போலவே அதுவும் இரண்டு பதிப்புகள் அப்படியே ஓட்டியது. இதில் இரண்டு துண்டு விலாசத்தைச் சேர்க்க நடுவில் ஒரு வகுத்தல் கோடு போட்டால் போதும். விண்டோஸா லினக்ஸா என்று அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரு வேடிக்கை: 3.4-லும் 3.5-லும் இந்த விலாசப் பொருளை ஃபைல் திறக்கும் கட்டளையிடம் நேராகக் கொடுத்தால் வாங்காது. திரும்ப எழுத்துக் கோவையாக மாற்றிக் கொடுக்க வேண்டும். ஒரே அரசின் இரண்டு துறைகள் ஒன்றின் சான்றிதழை மற்றொன்று ஏற்காதது போல. 2016 டிசம்பரில் வந்த 3.6-ல் அது சரியானது, தற்காலிக முத்திரையும் போனது. 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு இரண்டாம் பதிப்பு வரிசைக்கே ஆதரவை நிறுத்திவிட்டார்கள்.

இனி 2023-க்கு வருகிறேன். புதிய நிர்வாகத்தினரிடம் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். மரியாதையாக நடத்தினார்கள். பழைய சர்வரின் ஹார்ட் டிஸ்க்கை ஒரு மேஜையில் வைத்துக் கொடுத்து, பி.எஃப். ஃபோல்டர்களை மட்டும் பார்க்கலாம் என்றார்கள். என் அண்ணன் பேத்தி கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள், அவளுடைய லேப்டாப்பை வாங்கிக்கொண்டு அவளையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். "என்ன தாத்தா, இன்னும் ஓஎஸ்.பாத்தா?" என்று சிரித்துவிட்டுப் பாத்லிப்பில் ஏழு வரி எழுதிக் கொடுத்தாள்.

ரூட் பெயர்களை நான் வரிசையாகச் சொல்ல, அவள் தமிழிலேயே அடித்தாள். கவரைப்பேட்டை, ஆரம்பாக்கம், மீஞ்சூர், பொன்னேரி. ஓடவிட்டோம். பதிவேட்டில் இல்லாத 16 பெயர் வந்தது. கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை, எல்லாம் சுத்தமான தமிழ். ஒவ்வொரு பெயராகப் படித்தேன். வந்தவருடைய பெயர் அதில் இல்லை.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவர் வந்து என் வீட்டில் உட்கார்ந்ததெல்லாம் கண்முன் ஓடியது. பேத்திதான் சொன்னாள், "நாம பேர் சொல்லித் தேடினோம். பேரே சொல்லாம, உள்ள இருக்கறது எல்லாத்தையும் கொட்டச் சொல்லலாம்" என்று. ஒரு வரியை மாற்றினாள். கொட்டியதில் பொன்னேரி ஃபோல்டர் இரண்டு இருந்தது. ஒரே இடத்தில், ஒரே பெயரில், இரண்டு. கண்ணுக்கு ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது.

இதற்குக் காரணம் நம் எழுத்து. 'பொ' என்பதில் ப-வுக்கு முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் கால். யூனிகோடில் இந்த ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் வைக்கலாம், கொம்பு ஓர் எண், கால் ஓர் எண் என்று இரண்டாகவும் வைக்கலாம். இரண்டும் சமம் என்று யூனிகோட் விதி சொல்கிறது. ஆனால் விண்டோஸின் டிஸ்க் அமைப்பு அந்த விதியைப் பார்ப்பதில்லை, எண் மாறினால் பெயர் வேறு. சில பழைய எழுத்துரு மாற்றிகள் கொம்பையும் காலையும் தனித்தனியாகவே விட்டுவிடும். அந்த இளைஞர் பாதியை நேராகத் தட்டச்சு செய்தும் பாதியை மாற்றியில் போட்டும் எடுத்திருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டிக்கோ திருவள்ளூருக்கோ இந்தச் சிக்கல் வராது, அவற்றில் ஒகரக் கொம்பு இல்லை. பாத்லிப்பும் இதைத் தானாகச் சரி செய்வதில்லை. பைத்தானிலேயே வேறொரு கருவி இருக்கிறது, இரு பெயரையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது பொன்னேரியில் மூன்று ஃபைல். அதில் ஒன்று அவருடையது. 1996-97 முதல் 2001-02 வரை, ஆறு வருஷம், மாதவாரியாக.

16-ம் 3-ம் 19.

அன்றே இன்னொரு விபத்து நடந்திருக்கும். எல்லாவற்றையும் பேத்தியின் லினக்ஸ் லேப்டாப்புக்குப் பிரதி எடுத்து, இரண்டு பொன்னேரியையும் ஒன்றாக்கலாம் என்றேன். ஒவ்வொரு ஃபைலாகப் பெயர் மாற்றி அந்த ஃபோல்டரில் தள்ளும் கட்டளை பாத்லிப்பில் உண்டு. விண்டோஸில் அதே பெயரில் ஃபைல் ஏற்கெனவே இருந்தால் அது மறுத்துவிடும். லினக்ஸில் மறுக்காது, சத்தமில்லாமல் பழையதன் மேல் புதியதை வைத்துவிடும். இரண்டு ஃபோல்டரிலும் ஒவ்வோர் ஏழுமலை இருந்தார், இரண்டும் வேறு வேறு ஆள், தகப்பனார் பெயர் வேறு. 2011-ல் பட்ட சூட்டால் முதலில் 19 பெயரையும் ஒரு தாளில் கையால் எழுதி எண் போட்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் நிறுத்தினேன். இரண்டு ஃபோல்டரையும் அப்படியே தனித்தனியாக விட்டுவிட்டோம்.

நூலகம் இன்னும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2023 அக்டோபரில் வந்த 3.12-ல் ஃபோல்டர் மரம் முழுவதையும் சுற்றிவரும் கட்டளை பாத்லிப்புக்கே வந்துவிட்டது. 2025 அக்டோபரில் வந்த 3.14-ல் பிரதி எடுப்பதற்கும் இடம் மாற்றுவதற்கும் கட்டளை சேர்ந்திருக்கிறது. இத்தனை நாளும் அதற்கு இன்னொரு பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது. விலாசம் எழுதும் பெட்டி 2014-ல் வந்து, சாமான் தூக்கும் வேலையை அது கற்றுக்கொள்ள 11 வருஷம் ஆகியிருக்கிறது. பேத்தி இதைச் சொன்னபோது, எங்கள் காலத்தில் ஒரு ஃபைலைத் தூக்க நான்கு ஃபிளாப்பி வேண்டும் என்றேன். அவள் ஃபிளாப்பியைப் பார்த்ததே இல்லையாம்.

நிர்வாகம் 3ஏ நகல்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அவருக்கு 2024 தை மாதத்தில் ஓய்வூதிய ஆணை வந்துவிட்டது. ஆணையின் நகலோடு ஒரு சீப்பு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தவறு என்னுடையது என்று சொன்னேன். "பரவால்ல சார், கெடச்சிடுச்சே" என்றார். மற்ற 18 பேரில் இருவர் காலமாகிவிட்டார்கள். அவர்கள் மனைவிமாருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். 13 பேரை நேரிலோ போனிலோ பிடித்துவிட்டேன். மூன்று பேர் கிடைக்கவில்லை. அட்டையில் இருக்கும் வீடுகளில் இப்போது வேறு ஆட்கள்.

பொன்னேரி, மீஞ்சூர், கவரைப்பேட்டை பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1996-க்கும் 2002-க்கும் நடுவில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏதாவது ஃபவுண்டரியில் மோல்டிங், ஃபெட்லிங், கோர் ஷாப் பிரிவுகளில் இருந்து, பின்னால் பி.எஃப். கணக்கில் ஆறு வருஷம் குறைகிறது என்று சொல்லக் கேட்ட உறவினர் யாராவது உங்களுக்கு இருந்தால், அவரை என்னிடம் அனுப்புங்கள். பழைய சம்பளச் சீட்டு ஒன்றாவது கையில் இருந்தால் எடுத்து வரச் சொல்லுங்கள். தாளில் எழுதிய 19 பெயரும் மேஜை டிராயரில் அப்படியே இருக்கிறது.